மூன்றெழுத்து விலாசம்: பழைய கடிதங்களையும் பெரியவர்கள் பேச்சையும் ஒரு குடும்பக் கதையாகச் சேர்ப்பது எப்படி

செட்டிநாட்டில் ஒருவர் ‘உங்கள் விலாசம் என்ன?’ என்று கேட்டால் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லத் தொடங்காதீர்கள். அவர் கேட்பது உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை. பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக நின்று வீட்டுக்கும் கடைக்கும் ஒரே பெயராகிவிட்டன. ரங்கூன் மொகல் தெருவிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் அந்த எழுத்துகளை நம்பித்தான் உண்டியல் என்ற பணச் சீட்டு கைமாறியது. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பார்கள். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் விலாசம் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்தது.

அந்த ‘ஏறக்குறைய’தான் தொல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே நானூற்றுச் சொச்சம் கடிதங்கள். அதே விடுமுறையில் அப்பத்தா பேசியதைப் போனில் பதிவு செய்திருந்தேன். கடிதங்களின் தலைப்பிலும் அப்பத்தாவின் வாயிலும் ஒரே மூன்றெழுத்து. இரண்டையும் ஒட்டினால் குடும்ப வரலாறு தயார் என்று நினைத்தேன். ஓராண்டு ஒட்டினேன், அடுத்த ஓராண்டு ஒட்டியதைப் பிரித்தேன். நீங்கள் அந்த இரண்டாம் ஆண்டை மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். செட்டிநாட்டு உதாரணங்களையே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தவை அவை. முறை எந்த வீட்டுப் பெட்டிக்கும் பொருந்தும்.

1. முதலில் பெயரைப் பிரித்துப் படியுங்கள்

கடிதத்தைத் தொடுவதற்கு முன் விலாசத்தைத் தாளில் எழுதி, ஒவ்வோர் எழுத்தும் யார் என்று வீட்டில் கேளுங்கள். முருகப்பன் மகன் ராமநாதன், அவர் மகன் அழகப்பன், அவர் மகன் நீங்கள் என்றால் உங்கள் பெயருக்கு முன்னால் ‘மு.ராம.அழ.’ நிற்கும். சித. என்றால் சிதம்பரம், பழ. என்றால் பழனியப்பன், மெ. என்றால் மெய்யப்பன். சுப. வந்தால் சுப்பையாவா சுப்பிரமணியனா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இதே விலாசம் வேறு உடுப்பு போட்டுக்கொள்ளும். ராம. ‘ஆர்எம்’ ஆகும், சித. ‘சிடி’ ஆகும், பழ. ‘பிஎல்’, அழ. ‘ஏஎல்’. ஆவணக் காப்பகப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் இரண்டு வடிவத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பர்மா ஆவணங்களில் செட்டியார் என்ற சொல்லையே ‘ஐ’ எழுத்துக்குப் பதில் ‘ஒய்’ போட்டு எழுதியிருப்பார்கள். அது தெரியாமல் தேடி ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த சிக்கல் பெயர் சுழற்சி. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தந்தை முத்தையா; மகனும் முத்தையா. 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் பெயரும் அவருடைய விலாசத்துக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். ஒரு வீட்டில் நான்கு தலைமுறை எடுத்தால் இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். கூடவே தம்பிமார் வீடுகளிலும் அதே பாட்டன் பெயரை வைத்திருப்பார்கள். ஆக ஒரே காலத்தில், ஒரே ஊரில், ஒரே விலாசத்தில், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது சாதாரணம்.

சுவீகாரம் வேறு. பிள்ளையில்லாத வீட்டுக்குப் பிள்ளை போனால் விலாசம் மாறிவிடும். சில சமயம் பெயரே மாறிவிடும். கவிஞர் கண்ணதாசன் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனவர். ஒரு பெயர் கடிதங்களில் திடீரென்று நின்றுபோனால் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த தெருவில் வேறு பெயரில் சௌக்கியமாக இருந்திருக்கலாம்.

அதனால் பெயரோடு சேர்த்து எப்போதும் இன்னொன்றையும் கேளுங்கள்: எந்தக் கோவில்? நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் ஒன்பது கோவில்களில் ஒன்றைச் சேர்ந்தது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரே விலாசம் இரண்டு கோவில்காரர்களுக்கு இருக்கலாம்; அப்படியென்றால் அவர்கள் பங்காளிகள் அல்லர், எழுத்து ஒத்துப்போனது தற்செயல். இளையாற்றங்குடி, மாத்தூர் என்றால் உட்பிரிவையும் கேட்டுக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டில் இந்த இடத்தில் கூட்டம் என்னும் குலப்பிரிவும் குலதெய்வமும் வரும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலோ நிலைமை இன்னும் மோசம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழியில் நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்ற சாதிப் பட்டங்களே குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. அங்கே பெயரை வைத்து உறவு தேடுவது கடலில் பெருங்காயம் கரைப்பது போல. கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஆள் கொடுத்த எண், தகப்பன் பெயர், ஊர் இவற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

2. பெட்டியைத் திறக்கும் நாள்

அவசரப்படாதீர்கள். திறந்தவுடன் அப்படியே ஒரு படம், ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கும் முன் ஒரு படம். கடிதம் எந்தக் கட்டில், எதற்கு அடுத்து இருந்தது என்பதும் ஒரு தகவல். அந்தக் காலத்தில் வந்த கடிதத்தை மரக்கட்டையில் நட்ட கம்பியில் குத்தி வைப்பார்கள். கம்பியில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தேதி கிழிந்த கடிதத்துக்கு மேலும் கீழும் இருப்பவை தேதி சொல்லும். எங்கள் வீட்டு உறவினர் ஒருவர் உதவி செய்வதாக எண்ணி எல்லாவற்றையும் உருவி, அளவு வாரியாக அடுக்கிக் கொடுத்தார். அந்த வரிசை போனது போனதுதான்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் எண் போடுங்கள். பேனா வேண்டாம். உறைக்கும் அதே எண். ஸ்கேனரில் 400 டிபிஐ போதும். வெற்றுப் பக்கமானாலும் இரண்டு பக்கமும் எடுங்கள், வட்டிக் கணக்கு அங்கேதான் கிறுக்கியிருக்கும். லேமினேஷன் கூடவே கூடாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், பத்தாண்டில் அது பழுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்னும். தபால் தலைக்காக உறையைக் கத்தரிப்பவர்களிடம் பெட்டியைக் காட்டவே காட்டாதீர்கள். இராமபாணப் பூச்சி அரித்த துண்டுகளையும் தனி உறையில் எண் போட்டு வையுங்கள். கணினிப் பிரதியை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.

3. காலத்தைக் கண்டுபிடித்தல்

இது எனக்குப் பிடித்த வேலை, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும், அடுத்து சிவமயம், அதற்கடுத்து ‘விஷு ௵ தை ௴ 12 ௳’ என்பது போல ஒரு வரி. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. உள்ளே ௸ வந்தால் மேற்படி, ௹ ரூபாய், ௷ வரவு, ௶ பற்று. இந்த ஆறு குறிகளையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டால் பாதிக் கடிதம் பழகிவிடும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதக் கற்றவர்கள் லை, னை, ணா, றா போன்றவற்றைப் பழைய வடிவத்தில்தான் எழுதுவார்கள். சிலர் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைப்பதில்லை. வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

அறுபது வருடச் சுழற்சியில் பிரபவ 1867, 1927, 1987ஆம் ஆண்டுகளில் தொடங்கியது. இந்த மூன்று எண்களும் போதும், மற்றவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். விஷு பதினைந்தாவது, ஆகவே 1941. ஆனால் தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. விஷு வருடத்துத் தை என்பது 1942 ஜனவரி. மார்கழி பாதியிலிருந்து பங்குனி வரை வரும் எந்தத் தேதிக்கும் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். இந்த ஒரு தவறால் குடும்ப வரலாறுகளில் எத்தனையோ குழந்தைகள் பெற்றோர் கல்யாணத்துக்கு முன்பே பிறந்திருக்கின்றன.

தேதியே இல்லாவிட்டால் உறையைக் கேளுங்கள். இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879இல், அதற்கு முந்தைய கார்டு இருக்க முடியாது. ‘மதுரை ஜில்லா’ என்று எழுதிய செட்டிநாட்டு முகவரி 1910க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டில்தான் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது. எழுதுபவர் பழைய பழக்கத்தில் எழுதியிருக்கவும் கூடும் என்பதால் ‘வாய்ப்பு’ என்கிறேன். ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை ரங்கூன் கடிதங்களில் இந்தியத் தபால் தலை, அன்றிலிருந்து ‘பர்மா’ என்று மேலச்சடித்த தலை. அந்தத் தலையோடு தணிக்கை முத்திரையும் இருந்தால் 1939 செப்டம்பரில் போர் தொடங்கிய பின் வந்தது. ஜப்பானியர் பிடித்த பிறகு 1945 வரை பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் ஊருக்குச் சாதாரணத் தபால் நின்றுபோனது. பெட்டியில் அந்த ஆண்டுகளில் ஓட்டை விழுந்திருந்தால் கடிதம் தொலைந்துபோனது என்று எண்ண வேண்டாம், எழுத வழியில்லாமல் இருந்தார்கள்.

4. குரலைப் பதிவு செய்தல்

கடிதம் காத்திருக்கும். பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பெட்டியும் தொண்ணூறு வயது ஆச்சியும் ஒரே நேரத்தில் கிடைத்தால் பெட்டியைப் பூட்டிவிட்டு ஆச்சியிடம் போங்கள்.

போனே போதும். அழைப்பு வராதபடி செய்துவிடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள் அல்லது தள்ளி உட்காருங்கள், குக்கர் சத்தம் ஓயும் நேரம் பாருங்கள். பதிவின் தொடக்கத்திலேயே இன்ன தேதி, இன்ன ஊர், அறையில் இன்னின்னார் என்று சொல்லி, ‘இதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா, மற்றவர்கள் கேட்கலாமா?’ என்று கேட்டு, அவர் பதிலும் பதிவில் வரும்படி செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் வந்தால் ‘நேற்று ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்’ என்று அவர்களே தொடங்குவார்கள், நல்ல சரக்கு அங்கேதான் வரும்.

முதல் முறை கடிதத்தைக் காட்டாதீர்கள். காட்டினால் கடிதத்தில் இருப்பதையே திருப்பிச் சொல்வார்கள், அது இரண்டாவது சாட்சி ஆகாது. முதலில் நினைவிலிருந்து பேசட்டும். பிறகு இன்னொரு நாள் கடிதத்தைப் படித்துக் காட்டி அதையும் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

‘எந்த வருடம்?’ என்று கேட்டால் பதில் வராது. எதற்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள். ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி யாராவது சொன்னால் அது 1876இல் தொடங்கியது, சொல்பவர் தம் பாட்டியிடம் கேட்டதைச் சொல்கிறார். வீட்டு நிகழ்ச்சிகளை இந்த முளைகளில் கட்டிப் போடுங்கள்.

பெயர் கேட்பதிலும் நாசூக்கு வேண்டும். பழைய ஆச்சிமார் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். அது மட்டுமன்று, மாமனார் பெயரை வைத்த சொந்த மகனையே அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். ‘ராஜா’ என்றோ ‘துரை’ என்றோ ‘ஐயா’ என்றோ வீட்டுப் பெயர் ஒன்று வைத்திருப்பார்கள். கடிதத்தில் வரும் துரையும் பத்திரத்தில் வரும் சிதம்பரமும் ஒரே ஆளாக இருப்பது இப்படித்தான். நேரே பெயர் கேட்காமல் ‘யாருக்குத் தகப்பனார்?’, ‘யார் பெயரை உங்கள் பேரனுக்கு வைத்தீர்கள்?’ என்று சுற்றி வாருங்கள். கேட்பவர் வெட்கப்படாமல் இருந்தால் அவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் ‘நீ சொல்லு’ என்பார்கள். அந்தக் குரல் யாருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உறவுச் சொல் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் அப்பச்சி என்றால் தகப்பனார், ஐயா என்றால் தாத்தா. கொங்கு நாட்டில் அப்பச்சி என்றால் அம்மாவின் தகப்பனார். வேறு பல ஊர்களில் ஐயா என்றாலே அப்பா. ஒரு சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு தலைமுறை முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். எழுத்தில் இறக்கும்போது அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். உங்கள் விளக்கம் ஓரத்தில் இருக்கட்டும். இந்த அறிவுரையை நானே காற்றில் விட்டேன். அதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

பேச்சு ஓய்ந்துபோனால் தாலாட்டு கேளுங்கள். மாமன் எந்த ஊரிலிருந்து என்ன கொண்டுவந்தான் என்று பாட்டில் வரும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் யார் யார் சேர்ந்து கும்பிட்டார்கள் என்று கேட்டால் பங்காளிகள் பட்டியல் முழுதும் மூச்சுவிடாமல் வந்துவிடும். ‘வம்சாவளி சொல்லுங்கள்’ என்று கேட்டால் வராது.

5. ஆளுக்கு எண், பெயருக்கு அன்று

இப்போது கையில் இரண்டு நோட்டு இருக்க வேண்டும். ஒன்று கடிதங்களுக்கு, மற்றொன்று குரல்களுக்கு. ஒன்றில் இருப்பதை மற்றொன்றில் எழுதக் கூடாது.

கடித நோட்டில் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்த ஆளுக்குப் புது எண் கொடுங்கள். 57ஆம் கடிதத்தில் வரும் முத்தையா ஆள் 31. 58ஆம் கடிதத்தில் வரும் முத்தையா, அதே ஆள் என்று தோன்றினாலும், ஆள் 32. முட்டாள்தனமாகத் தோன்றும், செய்யுங்கள். குரல் நோட்டிலும் இப்படியே. எல்லாம் முடிந்த பிறகுதான் 31ஐயும் 32ஐயும் சேர்க்கலாமா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முதலிலேயே சேர்த்துவிட்டால் பிரிக்க முடியாது. தனித்தனியாக வைத்தால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

சேர்ப்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: விலாசமும் பெயரும் எத்தனை முறை ஒத்துப்போனாலும் அது ஒரு சாட்சிதான். அதற்கு வெளியே குறைந்தது இன்னும் இரண்டு சாட்சி வேண்டும். கோவில், ஊர், மனைவியின் பிறந்த ஊர், வெளிநாட்டுக் கடை இருந்த ஊர், கையெழுத்து, ஒரே நிகழ்ச்சி இவற்றில் எவையேனும் இரண்டு. கிடைத்தால் மையால் ‘உறுதி’ என்று எழுதுங்கள். ஒன்று கிடைத்தால் பென்சிலால் ‘ஒருவேளை’. ஒன்றும் இல்லையென்றால் ‘ஊகம்’ என்று எழுதி, யார் ஊகித்தது என்றும் எழுதுங்கள். நீங்களே ஊகித்தது பத்து ஆண்டு கழித்து உங்களுக்கே வரலாறாகத் தெரியும்.

இன்னொன்று, தொழில் கடிதங்களுக்கு மட்டும். பர்மாவிலும் மலாயாவிலும் கடையை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். ஊரில் முதலாளி, அங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் (பெட்டியடி என்றால் கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம்). மூன்று ஆண்டுக் கணக்குக்குச் சம்பளம் பேசிக் ‘கொண்டுவிக்க’, அதாவது அக்கரையில் வணிகம் பார்க்க, போனவர்கள் இவர்கள். கடிதம் எழுதியதும் வழக்குப் போட்டதும் எல்லாம் முதலாளியின் விலாசத்திலேயே. ஆகவே தாளின் தலைப்பில் உங்கள் வீட்டு விலாசம் இருப்பதால் எழுதியவர் உங்கள் இரத்தம் என்று அர்த்தமில்லை. ரங்கூன் உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டினால் விலாசமே வாதியாகவும் பிரதிவாதியாகவும் நிற்பதைப் பார்க்கலாம். உள்ளே ஆஜரானவர் யாரோ ஓர் ஏஜெண்ட்.

6. வீட்டுக்கு வெளியே

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலை முடியாமல் வெளியே போவதில் பயனில்லை. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் காப்பகத்துக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுதும் சேர்த்ததிலிருந்து பிறந்தது. புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் போன்ற துண்டுத் தாள்களுக்கும் அங்கே மதிப்பு உண்டு. ஒரு கல்யாணப் பத்திரிகை பத்துக் கடிதங்களுக்குச் சமம்: இரு வீட்டு விலாசமும் ஊரும் தேதியும் ஒரே தாளில். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்துத்தான் பார்க்க முடியும். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு செட்டியார் தொழிலைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறது. உங்கள் கடிதங்களில் வரும் வட்டி, ஐந்தொகை, தவணை எல்லாம் அதைப் படித்தபின் விளங்கும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்து வருகிறது, தமிழ்ப் பேட்டிகளும் அதில் உண்டு. அங்கே உங்கள் விலாசத்தைத் தேடுவதைவிட உங்கள் கடை இருந்த கிட்டங்கியை, அதாவது பல கடைகள் சேர்ந்திருந்த கட்டடத்தை, தேடுங்கள். மார்க்கெட் தெருவில் ஒரே கூடத்தில் பெட்டியடி போட்டு உட்கார்ந்தவர்கள் அடுத்த பெட்டியடிக்காரர் கதையையும் சொல்வார்கள். இலங்கைத் தொடர்பு இருந்தால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தைப் பாருங்கள்.

7. வெளியிடும் முன்

கடிதத் தாள் உங்களுடையதாக இருக்கலாம். எழுத்தின் உரிமை எழுதியவர் வாரிசுகளுக்கு. அது சட்டம். சட்டத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் கடன் இருக்கும், சுவீகாரச் சண்டை இருக்கும், சில பெட்டிகளில் அக்கரையில் இருந்த இன்னொரு குடும்பம் இருக்கும். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளும் இதே விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். மறைக்கச் சொல்லவில்லை. வீட்டில் பேசிவிட்டு வெளியிடுங்கள், உயிரோடு இருப்பவர் பெயரை விட்டுவிடுங்கள்.

8. நான் பிரித்த கதை

அப்பத்தாவின் மாமனார், எங்கள் பாட்டையா, 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் அறிந்த கதை. பெட்டியில் அதற்கு ஏற்ற கடிதமும் இருந்தது. எண் 211, சித்திரபானு வருடம் வைகாசி மாதம், டாமு வழியாக இம்பால் வந்து சேர்ந்ததாகவும் கால் வீங்கியிருப்பதாகவும். தலைப்பில் எங்கள் மூன்றெழுத்து. கையெழுத்து இருந்த மூலையை இராமபாணம் தின்றுவிட்டது. கடிதமும் குரலும் கைகோத்துக்கொண்டன. நான் மையால் ‘உறுதி’ என்று எழுதினேன்.

பிறகு எண் 187 கிடைத்தது. மேலே நான் உதாரணம் காட்டிய தேதிதான்: விஷு வருடம் தை 12. சென்னையிலிருந்து பாட்டையா எழுதியது, கப்பலில் வந்து இறங்கியாயிற்று, இரண்டு நாளில் ஊருக்கு வருகிறேன் என்று. ஜனவரியில் கப்பலில் வந்தவர் வைகாசியில் எப்படி இம்பாலில் நடப்பார்?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாட்டையா ‘ழ’ எழுதினால் வாலை வலப்பக்கமாக நீள இழுத்துவிடுவார், வரியில் அடுத்த இரண்டெழுத்துக்குக் கீழே அது ஓடும். 211இல் எல்லா ‘ழ’வும் அடக்கமாக நின்றன. கடைசி வரியை முதல் முறை சரியாகப் படிக்கவில்லை. ‘என் வீட்டுக்குச் செலவுக்கு ௹ 50 கொடுத்தனுப்ப வேண்டியது’ என்று இருந்தது, கூடவே ஓர் ஊர்ப் பெயர். எந்த முதலாளி தன் வீட்டுச் செலவுக்கு ஐம்பது ரூபாய் கேட்டு எழுதுவார்? சம்பளச் சீட்டுகளைத் தேடியதில் அந்த ஊர்க்கார அடுத்தாள் ஒருவர் அகப்பட்டார்.

அப்படியானால் அப்பத்தா பொய் சொன்னாரா? பதிவைத் திரும்பக் கேட்டேன். நான் தட்டச்சு செய்து வைத்திருந்த வாசகம்: ‘மாமா பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்.’ பதிவில் இருந்த வாசகம்: ‘நம்ம விலாசத்து ஆள் நடந்தே வந்தாக.’ மாமனாரைச் சொல்லும் இடங்களில் எல்லாம் அப்பத்தா ‘மாமா’ என்றுதான் சொல்லியிருந்தார். இந்த ஓர் இடத்தில் ‘விலாசத்து ஆள்’. சரியாகத்தான் சொன்னார். அதை ‘மாமா’ ஆக்கியது நான்.

கடிதத்தில் இருந்த ஊரைத் தேடிப் போனேன். மூன்று வீடு விசாரித்ததில் அவர் பேரன் வீடு கிடைத்தது. வாசலில் வைத்தே சந்தேகமாகப் பார்த்தார். பழைய பாக்கி கேட்டு வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே கூட்டிப்போய் ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எங்கள் மூன்றெழுத்து. ‘இது எங்கள் ஐயாவின் விலாசம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்’ என்றார். உள்ளே பாட்டையாவின் பதில் கடிதம் இருந்தது, ‘ழ’வின் வால் நீள இழுபட்டு. ஐம்பதோடு இருபத்தைந்து சேர்த்து அனுப்பியதாக எழுதியிருந்தார்.

படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடிதத்தைக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் நோட்டில் அதற்கு எண் 211அ.